உங்கள் கணினியில் ஓடுகிறது, தோட்டத்து ஆபீசில் ஓடவில்லை

கேள்வி: பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வசிக்கிறேன். எங்கள் டிவிசனின் கொழுந்துக் கணக்கையும் செக்ரோல் என்னும் வேலைநாள் பதிவேட்டையும் பதிவதற்காக சீ ஷார்ப் என்னும் நிரல்மொழியில் ஒரு மென்பொருள் எழுதினேன். தரவுகள் மைக்ரோசொப்டின் அக்சஸ் தரவுத்தளக் கோப்பில் இருக்கின்றன. என் மடிக்கணினியில் ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது. பென் டிரைவில் கொண்டுபோய் தோட்டத்து ஆபீஸ் கணினியில் போட்டால், முதலில் டொட் நெட் டெஸ்க்டொப் ரன்டைம் (மென்பொருளை ஓட்டும் துணை மென்பொருள்) வேண்டும் என்று கேட்டது. கைபேசி டேட்டாவில் இறக்கி நிறுவினேன். திரை திறந்தது, ஆனால் தமிழ்த் தலைப்புகள் எல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரிகின்றன. பெயர்ப் பட்டியலைத் திறந்தால், அக்சஸ் கோப்பைத் திறக்கும் ‘ஏஸ் ஓலிடிபி’ என்னும் புரொவைடர் இந்தக் கணினியில் பதிவாகவில்லை என்கிறது. நான் நிரல் எழுதும் விசுவல் ஸ்டூடியோவை அங்கும் நிறுவத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம். நிறுவினால் முதல் கோளாறு மட்டும் மறையும். மற்ற இரண்டும் அப்படியே நிற்கும். நாளை பக்கத்து டிவிசனில் கேட்டால் அங்கும் அதே பாடுதான்.

உங்கள் நிரலில் பிழை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. உங்கள் மடிக்கணினியில் நீங்கள் எழுதாத மூன்று பொருள்கள் உங்களுக்குத் தெரியாமலே துணைநின்றிருக்கின்றன. விசுவல் ஸ்டூடியோவோடு ரன்டைம் வந்தது. மைக்ரோசொப்ட் ஒபிஸோடு அக்சஸ் கோப்பைத் திறக்கும் இயக்கி வந்திருக்கும். பாமினி என்னும் பழைய தமிழ் எழுத்துருவை என்றோ யாரோ போட்டிருப்பார்கள். தோட்டத்துக் கணினியில் இந்த மூன்றும் இல்லை.

ரன்டைமைத் தீர்ப்பது எளிது. பழைய டொட் நெட் பிரேம்வேர்க் விண்டோஸின் உடன்பிறப்பு. 2019 மே மாத விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து 4.8 உள்ளேயே இருக்கிறது. நீங்கள் பயன்படுத்தியிருப்பது புதிய டொட் நெட். அது விண்டோஸோடு வருவதில்லை. தனியாக நிறுவவேண்டும், அல்லது மென்பொருளுக்குள்ளேயே வைத்துக் கொடுக்கவேண்டும். இணையம் விட்டுவிட்டு வரும் மலைத்தோட்டத்துக்கு இரண்டாவது வழியே நல்லது. விசுவல் ஸ்டூடியோவில் புரொஜெக்டின் பெயர்மீது மவுஸின் வலப் பொத்தானை அழுத்தி, பப்ளிஷ் என்பதைத் தேர்ந்து, கோப்புறை ஒன்றைக் காட்டுங்கள். அமைப்பில் ‘செல்ஃப் கன்டெயின்ட்’ என்பதையும், இலக்காக ‘வின் எக்ஸ்86’ (32 பிட்) என்பதையும் குறியுங்கள். அளவு நூறு எம்.பி.யைத் தாண்டும், பென் டிரைவுக்கு அது ஒரு பாரமல்ல. வெளிவரும் கோப்புறையை முழுதாக எடுத்துச் செல்லுங்கள். எக்ஸ்இ கோப்பை மட்டும் எடுத்துப் போய்த் திரும்பி வந்தவர்கள் பலர்.

ஒன்றை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்: போகும் இடத்தில் இருப்பது எந்த விண்டோஸ்? டொட் நெட் 8 போன்றவை விண்டோஸ் 7இல் ஓடுவதற்கு ஆதரவு இல்லை. எங்காவது அப்படிப் பழைய கணினி இருந்தால், மென்பொருளை பிரேம்வேர்க் 4.8க்கு மாற்றி, அதன் ஒப்லைன் நிறுவியையும் கூடவே கொண்டு போகவேண்டியிருக்கும்.

அடுத்தது அக்சஸ் இயக்கி. பலரை நாள்கணக்கில் அலைக்கழிப்பது இதுதான். இதில் 32 பிட், 64 பிட் என்று இரண்டு வகை உண்டு. 32 பிட் மென்பொருளுக்கு 64 பிட் இயக்கி கண்ணுக்கே தெரியாது. ‘நிறுவித்தான் இருக்கிறேன், ஆனாலும் பதிவாகவில்லை என்கிறதே’ என்று குழம்புவது இதனால்தான். அந்தக் கணினியில் மைக்ரோசொப்ட் ஒபிஸ் இருந்தால் அதன் வகையை முதலில் பாருங்கள். வேர்டில் அக்கவுண்ட் பகுதிக்குள் ‘அபவுட் வேர்ட்’ என்பதை அழுத்தினால் 32, 64 என்று எழுதியிருக்கும். ஒபிஸ் ஒரு வகையாகவும் இயக்கி மற்ற வகையாகவும் இருந்தால் நிறுவியே மறுத்துவிடும். ஆகவே ஒபிஸ் 64 பிட் என்றால் உங்கள் மென்பொருளையும் ‘வின் எக்ஸ்64’ இலக்குக்கு மாற்றிவிடுங்கள். மூன்றும் ஒரே வகையாக இருக்கவேண்டும். ஒபிஸே இல்லாவிட்டால் 32 பிட் இயக்கியைப் போட்டு நிம்மதியாக இருக்கலாம். அடுத்த பதிப்பில் அக்சஸை விட்டு எஸ்கியூலைட் என்னும் சிறு தரவுத்தளத்துக்கு மாறுவதையே நான் விரும்புவேன். அதன் இயக்கி உங்கள் கோப்புறைக்குள்ளேயே வந்துவிடும். கணினியில் தனியாக எதையும் நிறுவத் தேவையில்லை.

எழுத்துக்கு வருவோம். பாமினியில் ஒவ்வொரு தமிழ் எழுத்தும் உள்ளே ஆங்கில எழுத்தாகவும் நிறுத்தக்குறியாகவுமே சேமிக்கப்படுகிறது. எழுத்துரு இல்லாத கணினி அதை அப்படியே காட்டிவிடுகிறது. எழுத்துருவைக் கொண்டுபோய்ப் போட்டால் இன்றைக்குத் தீரும். ஆனால் பெயர்களை எல்லாக் கணினிக்கும் பொதுவான யுனிகோட்டுக்கு மாற்றி, நிர்மலா யூஐ எழுத்துருவை வைப்பதே முறை; விண்டோஸ் 8 முதல் அது கூடவே வருகிறது. லதா எழுத்துருவை நம்பவேண்டாம். விண்டோஸ் 10இல் லதா விருப்பத்துக்குச் சேர்க்கும் எழுத்துருக்களின் பட்டியலுக்குப் போய்விட்டதால், எல்லாக் கணினியிலும் இருக்காது.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் அது பிழைச்செய்தி எதுவும் காட்டாது. திகதிதான் அது. உங்கள் மடிக்கணினி அமெரிக்க முறைப்படி மாதத்தை முன்னால் வைத்து எழுதுகிறது என்றும், ஆபீஸ் கணினி நாளை முன்னால் வைத்து எழுதுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஏப்ரல் 5ஆம் திகதி எடுத்த கொழுந்தை ஆபீஸ் கணினி 05/04 என்று எழுதும். அதை நீங்கள் வினவலுக்குள் (தரவுக் கோப்புக்கு அனுப்பும் கட்டளைக்குள்) எழுத்தாக ஒட்டியிருந்தால், அக்சஸ் மாதத்தை முன்னால் வைத்தே படித்து மே 4ஆம் திகதிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். 13ஆம் திகதியிலிருந்து எல்லாம் சரியாக நடக்கும், 13ஆம் மாதம் என்று ஒன்று இல்லாததால் அது தானே திருப்பிப் படித்துக்கொள்ளும். மாதத்தின் முதல் 12 நாள்களில்தான் கோளாறு. அதிலும் நாளும் மாதமும் ஒரே எண்ணாக வரும் நாள் தப்பிவிடும். ஒரு பெண் மழையில் நனைந்து பறித்த கிலோக்கள் வேறொரு மாதத்தில் போய்க் கிடக்கும். அவளுக்கு அந்த நாளுக்கு முழுப்பேர் (முழு நாள் சம்பளம்) விழாது. திகதியை எழுத்தாக ஒட்டாமல் பெராமீட்டராகவே (கட்டளைக்கு வெளியே தனி மதிப்பாக) அனுப்புங்கள். எங்கெல்லாம் எழுத்தாக்க வேண்டியிருக்கிறதோ அங்கெல்லாம் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையை நீங்களே குறித்துவிடுங்கள்.

தரவுக் கோப்பின் இருப்பிடமும் அப்படித்தான். உங்கள் பெயருள்ள கோப்புறையின் பாதையை நிரலுக்குள் நேராக எழுதியிருந்தால் அது அங்கே இருக்காது. புரோகிராம் ஃபைல்ஸுக்குள் வைத்தால் சாதாரணப் பயனர் கணக்கில் நுழையும் கிளாக்கரால் எழுத முடியாது. புரோகிராம் டேட்டாவுக்குள் ஒரு கோப்புறை அமைத்து, எல்லாப் பயனருக்கும் திருத்தும் உரிமை கொடுங்கள். இந்த உரிமையை மறந்தால், ஒருவர் உருவாக்கிய கோப்பில் இன்னொருவரால் பதிய முடியாமல் போகும்.

இவ்வளவையும் கையால் செய்யத் தேவையில்லை. இன்னோ செட்டப் என்ற இலவச நிறுவி 1997 முதல் இருக்கிறது. கோப்புகளை இடத்தில் வைப்பது, உரிமை கொடுப்பது, இயக்கியைக் கூடவே நிறுவுவது, டெஸ்க்டொப்பில் குறுக்குவழி வைப்பது எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்இ கோப்பாக்கித் தரும். அதில் தரவுக் கோப்புக்கு மட்டும் ‘ஏற்கெனவே இருந்தால் தொடாதே’ என்ற குறியையும் ‘நீக்கும்போதும் அழிக்காதே’ என்ற குறியையும் மறக்காமல் போடுங்கள். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தொழிற்சாலை ஆபீசில் புதிய பதிப்பை நிறுவியபோது நான் அதைப் போடவில்லை. என் வெற்றுத் தரவுக் கோப்பு அவர்களுடைய கோப்பின் மேல் உட்கார்ந்துவிட்டது. மூன்று வாரக் கணக்கு போய்விட்டது. பெரிய கிளாக்கர் ஒரு சொல்லும் சொல்லாமல் கொழுந்துப் புத்தகங்களை எடுத்து வந்து மேசையில் வைத்தார். இரவு முழுவதும் அவர் படிக்க, நான் பதிந்தேன். அந்த மேசையை நான் மறக்கவில்லை.

மலையேறுவதற்கு முன் வெறுங்கணினி ஒன்றில் போட்டுப் பாருங்கள். உங்கள் விண்டோஸ் புரோ பதிப்பு என்றால் ‘விண்டோஸ் சேண்ட்பொக்ஸ்’ என்ற வசதியை இயக்கலாம். எதுவுமே நிறுவாத ஒரு விண்டோஸ் அதற்குள் திறக்கும். மூடியவுடன் எல்லாம் அழிந்துவிடும். ஹோம் பதிப்பில் அது இல்லை. அப்போது நிரல் எழுதாத உறவினர் ஒருவரின் கணினியைக் கேட்டு வாங்குங்கள். எதில் பார்த்தாலும் இணையத்தைத் துண்டித்து, திகதி முறையை மாற்றி வைத்துப் பாருங்கள். உறவினரின் கணினி என்றால் சாதாரணப் பயனர் கணக்கில் நுழைந்தும் பாருங்கள்.

நிறுவியை வட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ அனுப்பினால், விண்டோஸ் நீலப் பெட்டி ஒன்றைக் காட்டித் தடுக்கக்கூடும். உங்கள் மென்பொருளில் கையொப்பச் சான்றிதழ் இல்லை என்பதால் வரும் எச்சரிக்கை அது. ‘மோர் இன்ஃபோ’ என்பதை அழுத்தினால் தொடரும் வழி கிடைக்கும். கிளாக்கருக்கு இதை முன்பே சொல்லிவையுங்கள். இல்லாவிட்டால் வைரஸ் என்று அஞ்சி அழித்துவிடுவார்.

பின்னொரு நாளில் கொழுந்து நிறுக்கும் மடுவத்து மின்தராசை இணைக்க நினைத்தால், தராசு இணையும் கொம் போர்ட்டின் எண்ணை நிரலில் பதித்துவிடாதீர்கள். உங்களிடம் 3 என்று வருவது அங்கே 5 என்று வரலாம். அமைப்புத் திரையில் தேர்ந்தெடுக்க விடுங்கள்.

நிறுவிய பிறகு ஒரு முழுச் சம்பள மாதம் கொழுந்துப் புத்தகத்தையும் கூடவே எழுதச் சொல்லுங்கள். மாத முடிவில் இருபது பேரின் கணக்கைத் தேர்ந்தெடுத்து, முதல் 12 நாள்களையும் ஒவ்வொரு நாளாகப் புத்தகத்தோடு வைத்துப் பாருங்கள். ஒரு கிலோ வித்தியாசம் இருந்தாலும், சம்பளப் பட்டியல் போகும் முன்பே காரணத்தைத் தேடிக் கண்டுபிடியுங்கள்.