புழு மறந்ததா, நகரவில்லையா?

கேள்வி: கதிர்வீச்சு பட்டால் புழு கற்றதை மறந்துவிடுமா? எப்படிச் சோதிக்கிறார்கள்?

பதில்: இதற்குத் தோதானது சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்ற 1 மி.மீ. உருளைப்புழு. இருபால் புழுவுக்கு மொத்தமே 302 நரம்பணுக்கள். இயல்பாக உப்பைத் தேடிப் போகும். உப்பு கலந்த அகார் (ஜெல்லி போன்ற ஊடகம்) தட்டில் சில மணி நேரம் பட்டினி போட்டால், உப்பை விட்டு விலகக் கற்றுக்கொள்ளும். பிறகு தட்டின் ஒரு பக்கம் மட்டும் உப்பு வைத்து, அங்கே சேர்ந்தவற்றிலிருந்து எதிர்ப்பக்கம் சேர்ந்தவற்றைக் கழித்து, மொத்தத்தால் வகுக்க வேண்டும். விடை +1 முதல் −1 வரை வரும்.

சறுக்கல் இங்கேதான். காமா கதிர் அளவு கூடக்கூட உடல் நெளிவு குறைகிறது. நகராத புழு உப்பை நாடவும் நாடாது, விலகவும் விலகாது. விடை பூஜ்யத்தை ஒட்டி நிற்கும். அதை மறதி என்று எழுதிவிட்டால் போச்சு! ஆகவே 20 விநாடியில் எத்தனை நெளிவு என்று தனியே எண்ணுங்கள். பயிற்சி பெறாத, ஆனால் கதிர் பட்ட புழு உப்பை நாடுகிறதா என்றும் பாருங்கள். ஒப்பீட்டுக் குழுவும் அதே கருவிக்குள் அதே நேரம், அதே வெப்பநிலையில் இருக்கட்டும். கதிர் மட்டும் வேண்டாம். கதிர் கொடுத்தது பயிற்சிக்கு முன்பா, நடுவிலா, பின்பா என்பதைக் குறிக்காத முடிவு உதவாது.

கேள்வி: புழுவுக்குக் கொடுக்கும் கதிர் அளவுகளை மனிதருக்குப் பொருத்தலாமா?

பதில்: கூடாது. பிரியும் அணுக்களைத்தான் கதிர் அதிகம் பாதிக்கும்; வளர்ந்த புழுவின் உடலணுக்களோ பிரிவதில்லை. நூற்றுக்கணக்கான கிரே (உடல் உறிஞ்சும் கதிரின் அலகு) பட்டும் உயிரோடு நெளியும். சிகிச்சையில்லாத மனிதருக்கு உடல் முழுக்க 4 கிரே பட்டாலே உயிருக்கு ஆபத்து.