ஊட்டி ரயில் எஞ்சினைச் செய்த சுவிஸ் கம்பெனி இன்று இல்லையாமே, எஞ்சின் போய்விட்டால் என்ன செய்வார்கள்?

நீங்கள் அண்மையில் குடும்பத்தோடு மேட்டுப்பாளையத்தில் ஏறியிருப்பீர்கள். எஞ்சின் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்திருப்பீர்கள். யாரோ ஒருவர் "இது சுவிட்சர்லாந்து எஞ்சின், செய்த கம்பெனியையே மூடிவிட்டார்கள்" என்று சொல்லியிருப்பார். அந்தக் கவலையில் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். எஞ்சின் போனால் புதிதாகச் செய்வார்கள். செய்தும்விட்டார்கள், திருச்சி பொன்மலையில். அதில் என் அப்பாவின் கையும் உண்டு. அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

போன வருடம் என் மகள் ஆறாம் வகுப்பு. பள்ளியில் ஒரு பயிற்சித்தாள் கொடுத்தார்கள். "நீலகிரி மலை ரயிலின் நீராவி எஞ்சின் எங்கே செய்யப்பட்டது?" என்று ஒரு கேள்வி. அவள் "பொன்மலை, திருச்சி" என்று எழுதினாள். சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டு, பக்கத்தில் "சுவிட்சர்லாந்து" என்று எழுதித் திருப்பி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து அழவில்லை. "தாத்தா பொய்யா சொன்னாங்க?" என்று என்னிடம் கேட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அப்பா 1978-ல் பொன்மலை ஒர்க்ஷாப்பில் சேர்ந்தார், 2015-ல் ஓய்வு பெற்றார். பெரும்பாலும் பாய்லர் வேலை. ரிவெட் அடிக்கும் சத்தத்திலேயே இளவயது போனதால் இடது காது சரியாகக் கேட்காது. காலையில் சங்கு ஊதுவதற்குள் கேட்டுக்குள் இருக்க வேண்டும் என்ற பழக்கம் இன்றும் போகவில்லை. அந்த நேரத்துக்குத் தானாக எழுந்து உட்கார்ந்துகொள்வார்.

பொன்மலையில் 2011-லிருந்து 2014 வரை நான்கு புது எஞ்சின்களைக் கட்டினார்கள். பழையவை நிலக்கரியில் ஓடியவை, இவை எண்ணெயில் எரிபவை. 2021-ல் நிலக்கரியில் ஓடும் ஒன்றையும் செய்தார்கள். முதல் எஞ்சினில் முதன்முறை ஆவி ஏற்றிய அன்று அப்பா சாப்பிடாமலே வீட்டுக்கு வந்து, கொல்லைப்புறத்தில் கை கழுவிக்கொண்டே நின்றார். அம்மா எத்தனை தடவை கூப்பிட்டும் உள்ளே வரவில்லை.

"பழசைப் பார்த்துச் செய்ததுதானே, காப்பிதானே" என்று கீழே எழுத ஆட்கள் வருவார்கள் என்று தெரியும். அந்த எஞ்சின் என்ன செய்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிட்டு எழுதுங்கள். ஒவ்வொரு பக்கமும் இரண்டு சிலிண்டர், ஒன்றின்மேல் ஒன்று. சமதளத்தில் கீழ் சிலிண்டர் மட்டும் சக்கரத்தை ஓட்டும். கல்லார் தாண்டி, 12 அடிக்கு 1 அடி ஏறும் இடத்தில் நடுவே பல் தண்டவாளம் வரும். அப்போது கீழ் சிலிண்டரில் வேலை முடித்த ஆவி புகைபோக்கிக்குப் போகாமல் மேல் சிலிண்டருக்குள் போய்ப் பல்சக்கரத்தைச் சுற்றும். "ஒரே ஆவிக்கு ரெண்டு வேலைம்மா" என்பார் அப்பா. படத்தை வைத்துக்கொண்டு மட்டும் இதைச் செய்துவிட முடியாது என்றும் சொல்வார். பழைய எஞ்சின் ஒவ்வொன்றும் பல பத்தாண்டு ரிப்பேரில் ஒவ்வொரு மாதிரி ஆகியிருக்கும். எது முதலில் இருந்த அளவு, எது நடுவில் யாரோ தேய்த்த அளவு என்று கை வைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

சுவிஸ்காரர்களைக் குறைத்துச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். விண்டர்தூர் நகரத்தில் சார்லஸ் பிரவுன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1871-ல் தொடங்கிய தொழிற்சாலை அது. 1914-லிருந்து நமக்கு இந்த எஞ்சின்களை அனுப்பினார்கள், 1950-களின் தொடக்கத்தில்கூட சில வந்தன. 1992-ல் தங்கள் நாட்டு மலை ரயிலுக்கே எண்ணெயில் எரியும் புது நீராவி எஞ்சின் செய்தார்கள். அதன்பின் 1990-களின் இறுதியில் அந்தக் கம்பெனி பிரிந்து கைமாறிப்போனது. அப்புறம், இந்தியாவில் முதல் எஞ்சின் பொன்மலையில் செய்ததாகவும் நான் சொல்லவில்லை. 1895-லேயே அஜ்மீரில் ஒன்றைக் கட்டிவிட்டார்கள்.

கம்பெனி போனால் எஞ்சினும் போய்விடும் என்பதும் இல்லை. குன்னூரில் நீராவியைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சின் மாட்டுகிறார்களே, அது அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனி வடிவம். ஆல்கோ 1969-ல் எஞ்சின் செய்வதை நிறுத்திவிட்டது. ஆனால் வாரணாசியில் அந்த வடிவத்தில் அதற்குப் பிறகும் பல வருடம் செய்துகொண்டே இருந்தார்கள்.

சரி, பள்ளிக்கு வருகிறேன். போய்ப் பேசினேன். மிஸ் கோபப்படவில்லை, "விடைத்தாளில் அப்படித்தான் கொடுத்திருக்காங்க மேடம்" என்றார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன், பழையவை சுவிஸ்தான், பாதி சரி. எனக்கு ஆற்றாமை வேறு இடத்தில். வாரம் ஒரு ப்ராஜெக்ட் என்று சொல்லி, கடையில் கலர் பிரிண்ட் எடுத்து சார்ட்டில் ஒட்டி வரச் சொல்கிறார்கள். ஒரு சார்ட்டுக்கு நூறு, நூற்றைம்பது ரூபாய் ஆகிறது. ஒட்டுவது நாங்கள், வெட்டுவதும் நாங்கள். பிள்ளை அதில் என்ன படிக்கிறாள்? வீட்டில் ஒரு தாத்தா உட்கார்ந்திருக்கிறார், அவரைக் கேட்டு எழுதி வா என்று ஒரு தடவையாவது சொல்லக் கூடாதா? கேட்டு எழுதியதற்குத்தான் பெருக்கல் குறி கிடைத்தது.

அப்பாவிடம் அந்தத் தாளைக் காட்ட வேண்டாம் என்றிருந்தேன். மகள் காட்டிவிட்டாள். அவர் கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு, சிவப்பு மைக்குக் கீழே பென்சிலால் ஐந்தாறு எண்களை எழுதிக் கொடுத்தார். வேறொன்றும் சொல்லவில்லை. அதையே உங்களுக்கும் சொல்கிறேன். நீங்கள் எடுத்த போட்டோவில் எஞ்சினின் எண் தெரிகிறதா பாருங்கள். 37395 வரை விண்டர்தூர். 37396-லிருந்து பொன்மலை.