பாண்டா சோம்பேறியா, இயற்கையே கைவிட்ட விலங்கா?

கரடி இனத்தில் பிறந்துவிட்டு மூங்கிலைத் தின்கிறது, குட்டி போடவும் ஆர்வம் காட்டுவதில்லை, இதைக் காப்பாற்ற இவ்வளவு செலவு எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். இதே கேள்வியைப் பலர் கேட்கிறார்கள், எனக்கு ஒவ்வொரு முறையும் வருத்தமாக இருக்கும், ஏனென்றால் கூண்டுக்குள் இருக்கும் பாண்டாவைப் பார்த்துவிட்டுக் காட்டில் இருப்பதன்மேல் பழி போடுகிறோம்.

சாப்பாட்டில் இருந்து தொடங்கலாம். அதன் குடல் இறைச்சி தின்னும் விலங்கின் குட்டையான குடல்தான், தின்ற மூங்கிலில் ஐந்தில் ஒரு பங்குகூடச் செரிக்காது. அதனால் ஒரு நாளில் பாதி நேரம் தின்றுகொண்டே இருக்க வேண்டும். இலை தின்னும்போது கவனித்துப் பாருங்கள், ஒவ்வொன்றாகக் கடித்துக் கடைவாயில் சேர்த்துக்கொண்டே வரும், ஒரு கட்டு ஆனதும் அதைக் கையில் எடுத்து வைத்துக் கடிக்கும். அப்படிப் பிடிக்க உதவுவது விரல் அல்ல, பெரிதாகிப்போன ஒரு மணிக்கட்டு எலும்பு. சீனாவின் யுன்னான் மாகாணத்தில் கிடைத்த, 60 லட்சம் ஆண்டுகளுக்கும் பழைய பாண்டா மூதாதையின் புதைபடிவத்திலேயே அந்த எலும்பு இருக்கிறது. அவ்வளவு காலம் தாக்குப்பிடித்த உடலைத் தோற்றுப்போனது என்று எப்படிச் சொல்வது?

சோம்பல் என்று நமக்குத் தெரிவது சிக்கனம். அதே எடையுள்ள வேறு பாலூட்டி செலவழிப்பதில் ஏறக்குறைய 38 சதவீத ஆற்றலில் பாண்டா நாளை ஓட்டுகிறது. சும்மா உட்கார்ந்திருப்பதும் இல்லை. சின்லிங் மலையில் வசந்தத்தில் அடிவாரத்து மூங்கில் குருத்தைத் தின்கிறது, அது முற்றியதும் மேலே ஏறி அங்கே முளைக்கும் வேறு வகைக் குருத்துக்குப் போகிறது, புரதம் எங்கே அதிகமோ அங்கே.

அப்புறம் இனப்பெருக்கம். பெண் பாண்டா கருத்தரிக்கக்கூடிய காலம் ஆண்டுக்கு ஒன்றிரண்டு நாள், மிஞ்சினால் மூன்று. காட்டில் அந்த நேரத்தில் வாசனை பிடித்துப் பல ஆண்கள் வந்து சண்டை போடும், பெண் மரத்தில் ஏறிக் காத்திருக்கும். நாம் ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் அடைத்துவைத்துவிட்டு ஆர்வமில்லை என்கிறோம்! பிறக்கும் குட்டி சுமார் 100 கிராம், ஒரு சோப்புக்கட்டி எடை, கண்கூடத் திறக்காது. தாய் அதைக் கையிலேயே ஏந்திக்கொண்டு முதல் சில நாட்கள் சாப்பிடக்கூட வெளியே போகாமல் குகையில் கிடக்கும்.

உண்மையான ஆபத்து நிலத்துண்டாடல், அதாவது காடு சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரிந்துபோவது. சில மூங்கில் வகைகள் பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை மொத்தமாகப் பூத்துச் செத்துவிடும். முன்பெல்லாம் பாண்டா அடுத்த பள்ளத்தாக்குக்கு நடந்துபோய்விடும், இப்போது நடுவில் வயலும் சாலையும். 1970களில் மின்ஷான் மலையில் மூங்கில் பூத்தபோது குறைந்தது 138 பாண்டாக்கள் இறந்துகிடந்தன.

2014 கணக்குப்படி காட்டில் 1,864 பாண்டாக்கள், அதுவும் 33 தனித்தனிக் கூட்டங்களாக. 2021இல் சீனா அறிவித்த பாண்டா தேசியப் பூங்காவின் முக்கிய வேலையே இந்தத் துண்டுகளை இணைப்பது. என்னைக் கேட்டால், செலவு அதற்குத்தான் முதலில் போக வேண்டும், கூண்டில் குட்டிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதெல்லாம் அதற்கு அப்புறம்.