நண்பர் சேர்த்த கறுப்புக் கற்கள்

கேள்வி: பள்ளிக் காலம் முதல் என்னோடு பழகிய நண்பர் சென்ற மாசி மாதம் காலமானார். வேளாண்மை வெட்டி முடிந்ததும் படுவான்கரை வயல்வெளிகளில் விண்கல் தேடித் திரிவது எங்கள் இருவருக்கும் பல வருடப் பழக்கம். பழைய வானொலிப் பெட்டியின் ஒலிபெருக்கிக் காந்தத்தைக் கம்பில் கட்டிக்கொண்டு அவர் முன்னே நடப்பார். அவர் சேர்த்த கற்களைக் கிணற்றடியில் கொட்டிவிடலாமா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். அவற்றுள் ஒன்றாவது விண்கல்லாக இருக்குமா? அவர் நினைவாக நான் என்ன செய்யலாம்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், களுவாஞ்சிகுடி

பதில்: கொட்ட வேண்டாம் என்று முதலில் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் எலைசா கிம்பர்லி என்ற பெண்மணி, தம் நிலத்தில் கிடந்த கனத்த கறுப்புக் கற்களைக் கணவரும் அயலவரும் கேலி செய்யச் செய்யச் சேர்த்து வைத்தார். 1890இல் வந்து பார்த்த பேராசிரியர் ஒருவர் அவை விண்கற்களே என்று கண்டு விலைக்கு வாங்கினார். உங்கள் நண்பரும் அத்தகைய கேலியைக் கேட்டிருப்பார் என்றே நினைக்கிறேன்.

ஆயினும் உள்ளதைச் சொல்ல வேண்டும். விண்கற்கள் பெரும்பாலும் அண்டார்டிக்காவிலும் சகாராவிலும் கிடைப்பதற்குக் காரணம், அங்கே அவை அதிகம் விழுவதன்று. வெளிர்நிறத் தரையில் கறுப்புக் கல் கண்ணில் படுவதும், வறட்சியால் அது நெடுங்காலம் சிதையாமல் இருப்பதுமே. முல்லைத்தீவில் 1795இல் விண்கல் விழுந்தது பதிவாகியிருக்கிறது என்றாலும், மாரி மழையில் ஊறும் நம் வயல் மண்ணில் விண்கல்லிலுள்ள இரும்பு துருப்பிடித்துக் கல் உதிர்ந்துவிடும்.

வீட்டிலேயே ஓரளவு தரம் பிரிக்கலாம். டைல்ஸ் துண்டொன்றின் மெருகில்லாத பின்பக்கத்தில் கல்லை அழுத்தித் தேயுங்கள். செம்பழுப்புக் கோடு விழுந்தால் ஹேமடைற்று, அடர்ந்த கறுப்புக் கோடு விழுந்தால் மக்னடைற்று. இரண்டும் பூமியின் இரும்புத் தாதுக்கள். விண்கல் பெரும்பாலும் கோடு விடாது. உள்ளே குமிழித் துளைகள் தெரிந்தால் அது அநேகமாகப் பழைய உலைகளில் கழிவாக எஞ்சிய இரும்புக் கிட்டமாக இருக்கும். இவற்றில் தப்பிய கல்லின் ஒரு மூலையை அரத்தால் சிறிதளவு தேய்த்து, வெள்ளிபோல் மின்னும் உலோகப் பொட்டுகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். வலுவான காந்தத்தை மட்டும் மேலும் ஒட்டிப் பார்க்க வேண்டாம். விண்கல்லில் உறைந்திருக்கும் ஆதிகாலக் காந்தப் பதிவை அது அழித்துவிடும். பொட்டுகள் தெரிந்த கல்லைப் பேராதனைப் பல்கலைக்கழகப் புவிச்சரிதவியல் துறையினரிடம் காட்டிக் கேட்கலாம்.

நினைவாகச் செய்வதற்கு உங்களால் மட்டுமே முடிந்த ஒரு வேலை இருக்கிறது. எடுத்த இடம் தெரியாத கல், விண்கல்லாகவே இருந்தாலும், ஆய்வாளருக்குப் பாதிப் பயன்தான். எந்தக் கல் எந்த வயற்கண்டத்தில், யாருடைய வாடிக்கு அருகில் கிடைத்தது என்பது இப்போது உங்கள் மனத்தில் மட்டுமே இருக்கிறது. பிள்ளைகளை உட்கார வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் தனித்தனி உறையிலிட்டு, இடத்தையும் நண்பரின் பெயரையும் மையால் எழுதுங்கள். அடுத்த மழைக்கு முன் தொடங்கிவிடுங்கள். உறைக்குள் ஈரம் புகவிடாதீர்கள்.