38 வயதில் கராத்தே: முழங்கால் வலித்தால் முதலில் ஸ்டான்ஸைப் பாருங்கள்

கேள்வி: எனக்கு 38 வயது. கணினி முன் உட்கார்ந்தே செய்யும் வேலை. மகனைக் கராத்தே வகுப்பில் சேர்க்கப் போனபோது நானும் சேர்ந்துவிட்டேன். ஷோட்டோகான் பாணி என்றார்கள். மொட்டை மாடியில் வகுப்பு நடக்கிறது. இரண்டு மாதம் ஆகிறது. முன்காலை மடக்கி நிற்கும்போதும், சட்டென்று திரும்பும்போதும் முழங்கால் வலிக்கிறது. வேகமாகப் பன்ச் விட்டால் முழங்கையில் சுளீர் என்கிறது. அடுத்த மாதம் மஞ்சள் பெல்ட் டெஸ்ட்டுக்கு வரச் சொல்கிறார் மாஸ்டர். இந்த வயதில் இது தேவைதானா? தொடரலாம் என்றால் வீட்டில் என்ன பயிற்சி செய்ய வேண்டும்?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: தாராளமாகத் தொடரலாம். வயதை நினைத்துத் தயங்க வேண்டாம். வாடோ ரியூ என்ற பாணியை உருவாக்கிய ஹிரோனோரி ஓட்சுகா, 1922இல், உங்கள் ஷோட்டோகான் பாணியை உருவாக்கிய கிச்சின் ஃபுனகோஷியிடம் கராத்தே கற்கச் சேர்ந்தபோது அவருக்கு 30 வயது. ஜுஜுட்சு என்ற ஜப்பானியத் தற்காப்புக் கலை தெரிந்தவர் என்றாலும் கராத்தேயில் புது மாணவர்தான். ஜப்பானின் ஓக்கினாவா தீவிலிருந்து டோக்கியோவுக்கு வந்து கராத்தேயைப் பரப்பத் தொடங்கிய ஃபுனகோஷிக்கோ அப்போது ஐம்பதைத் தாண்டியிருந்தது.

நீங்கள் சொல்லும் இரண்டு வலிக்கும் வயதைவிடப் பழக்கம்தான் பெரும்பாலும் காரணம். தொடக்க மாணவர்கள் எல்லோரும் கையைத்தான் கவனிப்பார்கள். குத்து வேகமாகப் போகிறதா, சத்தம் வருகிறதா என்று பார்ப்பார்கள். கால் எப்படி நிற்கிறது என்று யாரும் குனிந்து பார்ப்பதில்லை. முதல் ஆறு மாதம் உங்கள் கவனத்தில் முக்கால்வாசி இடுப்புக்குக் கீழேதான் இருக்க வேண்டும் என்பேன்.

முன்காலை மடக்கி, பின்காலை நீட்டி நிற்பதை வகுப்பில் ஜென்குட்சு டாச்சி என்று சொல்லியிருப்பார்கள். இப்படி நிற்கும் நிலைக்குத்தான் ஸ்டான்ஸ் என்று பெயர். முழங்கால் வலியில் பெரும்பகுதி இங்கேதான் தொடங்குகிறது. வீட்டில் டைல்ஸ் தரை இருந்தால் இன்றே சோதித்துப் பாருங்கள். டைல்ஸ் ஒட்டும் கோடு ஒன்றை நடுவில் வைத்துக்கொண்டு, இடது பாதத்தைக் கோட்டுக்கு இடப்பக்கமும் வலது பாதத்தை வலப்பக்கமும் வைத்து, இடது காலை முன்னே எடுத்து வையுங்கள். இரண்டு பாதத்துக்கும் நடுவே தோள் அகலம் இருக்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் பலர் இரண்டு பாதத்தையும் ஒரே கோட்டின் மேல் வைத்துவிடுகிறார்கள். அப்படி நின்றால் உடம்பு ஆடும். விழாமல் இருக்க முழங்கால் உள்பக்கம் சாயும். அந்தச் சாய்வுதான் மூட்டின் உள்பக்கத்தில் வலியாகிறது.

இப்போது குனிந்து உங்கள் முன்காலைப் பாருங்கள். முழங்காலுக்கு உள்பக்கமாகக் கால் கட்டைவிரல் தெரிய வேண்டும். முழங்கால் அதை மறைத்தால் மூட்டு உள்ளே சரிந்திருக்கிறது என்று அர்த்தம். சுண்டுவிரல் பக்கமாக மெதுவாகத் தள்ளிச் சரிசெய்யுங்கள். பக்கவாட்டில் ஒரு கண்ணாடி இருந்தால், கணுக்காலிலிருந்து முழங்கால் வரை செங்குத்தாக நிற்கிறதா என்றும் பாருங்கள். பிறகு பின்பாதம். அது பக்கவாட்டைப் பார்த்தபடி கிடந்தால் இடுப்பு முன்னே திரும்பாது. விரல்கள் கூடுமானவரை முன்பக்கம் பார்க்கட்டும், குதிகால் தரையை விட்டு எழும்பக் கூடாது. உட்கார்ந்தே வேலை செய்கிறவர்களுக்குக் கெண்டைக்கால் தசை இறுகியிருக்கும், குதிகால் தானாகத் தூக்கும். அப்படித் தூக்கினால் பின்காலைக் கொஞ்சம் கிட்டே கொண்டு வாருங்கள்.

ஸ்டான்ஸ் நீளம் குறைந்தால் மாஸ்டர் திட்டுவாரே என்று தோன்றலாம். இன்று ஷோட்டோகானில் பார்க்கிற மிக நீண்ட, மிகத் தாழ்ந்த ஸ்டான்ஸ் பிற்காலத்தில் வந்தது. 1920களில் எடுத்த படங்களில் ஃபுனகோஷி நிற்பதைப் பாருங்கள், எவ்வளவு உயரமாக நிற்கிறார் என்று தெரியும். அதனால் 20 வயதுப் பையன் இறங்குகிற அளவுக்கு நீங்கள் இறங்க வேண்டியதில்லை. முழங்கால் நேராக இருக்கும் உயரத்தில் நில்லுங்கள். தொடை பலப்பட்டால் ஆழம் தானாக வரும். இதை மாஸ்டரிடம் வெளிப்படையாகவே சொல்லலாம். "மூட்டு வலி இருக்கு சார், கொஞ்ச நாள் உயரமா நிக்கிறேன்" என்றால் நல்ல ஆசிரியர் யாரும் மறுக்க மாட்டார்.

திரும்பும்போது வரும் வலிக்கு மொட்டை மாடியே பாதிக் காரணமாக இருக்கலாம். சொரசொரப்பான சிமென்ட் தளத்தில் வெறுங்கால் வழுக்காது. இடுப்பு திரும்பிவிடும், பாதம் பழைய இடத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். நடுவில் மாட்டிக்கொண்டு முறுக்குவது முழங்கால்தான். திரும்புவதற்கு முன் அந்தக் காலில் இருக்கும் எடையைக் குறைத்து, பாதத்தைத் திருப்பி வைத்துவிட்டு, அப்புறம் இடுப்பைத் திருப்புங்கள். முதலில் மிகவும் மெதுவாக இருக்கும். இருக்கட்டும். மொசைக், டைல்ஸ் மாதிரி வழவழப்பான தரையில் வீட்டில் பழகினால் இது சீக்கிரம் பிடிபடும், ஈரமில்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வாரம் இப்படித் திருத்தியும் வலி குறையவில்லை என்றாலோ, மூட்டு வீங்கினாலோ, மடக்கி நீட்டும்போது நடுவில் சிக்கிக்கொண்டாலோ, படி இறங்கும்போது கால் விட்டுவிடுவது போலிருந்தாலோ, வகுப்பை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். தைலம் தேய்த்துக்கொண்டு வகுப்புக்குப் போகிற வேலை வேண்டாம்.

அடுத்தது முழங்கை. காற்றில் குத்தும்போது கையைத் தடுத்து நிறுத்த எதிரே எதுவும் இல்லை. தசை நிறுத்த வேண்டிய வேகத்தை மூட்டெலும்பு மோதி நிறுத்துகிறது. அந்தச் சுளீர் அதனால்தான். கை முழுசாக நேராவதற்கு ஒரு நூல் முன்பே, அக்குளுக்குக் கீழே இருக்கும் தசையை இறுக்கி நிறுத்தப் பழகுங்கள். முழங்கை விலாவை உரசியபடி போகட்டும், நுனி கீழே பார்க்கட்டும். முஷ்டி கடைசி நேரத்தில்தான் திரும்ப வேண்டும். கிளம்பும்போதே திருப்பினால் முழங்கை வெளியே பிதுங்கும். கட்டைவிரலை மற்ற விரல்களுக்கு உள்ளே மடக்காதீர்கள், வெளியே ஆள்காட்டி விரல், நடுவிரல் மேல் அழுந்தியிருக்க வேண்டும். இலக்கில் படுவது அந்த இரண்டு விரல்களின் கணுக்கள்தான். மணிக்கட்டு மேலேயோ கீழேயோ வளையக் கூடாது.

குத்தாத கையையும் மறக்காதீர்கள். இதை ஹிகிதே என்பார்கள். ராட்டினக் கயிற்றின் ஒரு முனை இறங்க மறுமுனை ஏறுவது போல, ஒரு கை போகும் அதே வேகத்தில் மற்றது இடுப்புக்கு மேலே விலாவுக்கு வந்து சேர வேண்டும். இந்த இழுப்பு சரியாக வந்தால் இடுப்பு தானாகச் சேர்ந்துகொள்ளும், தோளை வைத்துத் தள்ள வேண்டிய தேவை குறையும். தோள் காதுப் பக்கம் ஏறுகிறது என்றால் பலத்தைக் குறையுங்கள்.

இனி டெஸ்ட். தடுப்பு, குத்து போன்ற அசைவுகளைக் குறிப்பிட்ட வரிசையில் செய்து காட்டுவதைக் கட்டா என்பார்கள். ஷோட்டோகானில் தொடக்கத்தில் கேட்கும் கட்டா பெரும்பாலும் ஹேயான் ஷோடான். இதில் 21 அசைவு. எண்ணிப் பாருங்கள்: கீழ்த் தடுப்பான கேடான் பராய் 6, முன்னே போய்க் குத்தும் ஓய் சுகி 7, மேல் தடுப்பான ஆகே உகே 3, கடைசியில் வரும் கத்திக்கைத் தடுப்பு 4, நடுவில் ஒரே ஒரு முறை முஷ்டியின் அடிப்பக்கத்தால் அடிப்பது. 21இல் 13 இரண்டே அசைவுதான்! முதல் 17 அசைவில் ஏறக்குறைய எல்லாமே அதே ஜென்குட்சு டாச்சியில் நின்று செய்வது. ஆக, மேலே சொன்ன காலும் குத்தும் சரியானால் கட்டாவின் பெரும்பகுதி கைக்கு வந்துவிடும். ஒவ்வொரு நாளும் முழுக் கட்டாவையும் வேகமாகப் பத்து முறை ஓட்டிப் பார்ப்பதில் பயனில்லை.

யூடியூப் பார்த்து இந்தக் கட்டாவைப் பழகுவதாக இருந்தால் ஒரு குழப்பம் காத்திருக்கிறது. இதையே வேறு பாணிகளில் பினான் நிடான் என்பார்கள். ஃபுனகோஷி பினான் என்ற பெயரை ஹேயான் என்று மாற்றி, அந்தத் தொடரின் முதல் இரண்டு கட்டாக்களின் வரிசையையும் மாற்றி வைத்துவிட்டார். கோஜு ரியூ என்ற பாணியில் தொடக்கக் கட்டாவே வேறு. உங்கள் பாணிப் பெயரைப் போட்டுத் தேடுங்கள், மாஸ்டர் சொல்வதும் காணொளியும் வேறுபட்டால் மாஸ்டர் சொல்வதையே செய்யுங்கள்.

வீட்டுப் பயிற்சிக்கு வாரம் நான்கு நாள், 15 நிமிடம் போதும். ஓரிரு நிமிடம் நின்ற இடத்திலேயே நடந்து, கணுக்கால், இடுப்பு, தோளைச் சுழற்றி உடம்பைச் சூடாக்குங்கள். பிறகு டைல்ஸ் கோட்டின் மேல் ஒவ்வொரு அடியையும் நிறுத்தி, குனிந்து பார்த்து, திருத்தி நடங்கள். போக ஐந்து அடி, திரும்ப ஐந்து அடி. இந்த நடைக்கே பாதி நேரத்தைக் கொடுங்கள். அப்புறம் நேராக நின்று பத்துக் குத்து மெதுவாக, பத்துக் குத்து நடுத்தர வேகத்தில், குத்து முடியும் இடத்தில் மூச்சு வெளியே போகும்படி. கடைசியாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு முன் உதை. முழங்காலை உயர்த்தி, உதைத்து, உதைத்த காலை மடக்கி இழுத்து, பிறகு கீழே வையுங்கள். இழுக்காமல் அப்படியே தொப்பென்று போடுவது முழங்காலுக்குக் கேடு. கால் விரல்களை மேலே மடக்கி, விரல்களுக்கு அடியில் இருக்கும் சதைப்பகுதியால் உதைப்பது முறை.

மெட்டி அணிபவராக இருந்தால் வகுப்புக்கு முன் கழற்றிவிடுங்கள். கழற்ற மனமில்லை என்றால் மருத்துவ டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றிக்கொள்ளுங்கள். ஜோடிப் பயிற்சியில் எதிராளியின் தாடையைக் கீறுவதும், உங்கள் விரலே மாட்டிச் சுளுக்குவதும் உண்டு. வளையல், மோதிரத்துக்கும் இதேதான். கழுத்துச் சங்கிலியை உள்ளே போட்டு டேப்பால் ஒட்டிக்கொள்ளலாம்.

மஞ்சள் பெல்ட்டுக்கு அவசரமே இல்லை. கராத்தேக்குப் பெல்ட் முறை வந்ததே ஜூடோவைப் பார்த்துத்தான். சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகப்போகிறது, அதுவும் வலியோடு. அடுத்த சுற்று டெஸ்ட்டுக்கு வருகிறேன் என்று சொல்லுங்கள். அதற்கு மாஸ்டர் எப்படிப் பதில் சொல்கிறார் என்பதைக் கவனியுங்கள். "சரிம்மா, முதல்ல காலைச் சரிபண்ணுவோம்" என்றால் நல்ல இடத்தில்தான் சேர்ந்திருக்கிறீர்கள். கட்டணத்தைப் பற்றியே பேசினால், அல்லது ஆண்டு விழாவுக்கு ஓடு உடைக்க, கை மேல் பைக் ஏற்ற என்று உங்களையோ மகனையோ கூப்பிட்டால், வேறு வகுப்பு தேடுங்கள். சிமென்ட் தரையில் முஷ்டியை ஊன்றித் தண்டால் எடுக்கச் சொன்னாலும் மகனை அனுப்பாதீர்கள். வளரும் வயதில் கை எலும்புகளின் நுனிக்கு அருகில் இன்னும் குருத்தெலும்பு இருக்கும். உள்ளங்கையை ஊன்றி எடுத்தால் போதும்.