ஹெச்டிஎம்எல் 6 எப்ப வரும்? – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,
கம்ப்யூட்டர் சென்டர் ஒண்ணுல வெப் டிசைன் கிளாஸ் எடுக்கறேன். ஹெச்டிஎம்எல் 5 வந்து பத்து வருஷம் தாண்டிடுச்சே, 6 எப்பன்னு ஒவ்வொரு பேட்ச் பசங்களும் கேக்கறாங்க. எனக்குமே புது வெர்ஷன் ஒண்ணு வந்தா பழைய குப்பையெல்லாம் கழிச்சுட்டு சுத்தமா ஆரம்பிக்கலாமேன்னு இருக்கு. தேவைதானே?
– ஒரு வாசகர்

வணக்கம்,

வராதுன்னு பசங்ககிட்ட சொல்லிடுங்க. ஆப்பிள், மொசில்லா, ஓபரா ஆளுங்க 2004ல சேர்ந்து ஆரம்பிச்ச, வெப் பக்கம் எழுதற ஹெச்டிஎம்எல் மொழிக்கு விதி எழுதற வாட்விக் குழு 2011லயே வெர்ஷன் நம்பரை தூக்கிட்டாங்க, வெப் தரங்களை வகுக்கற அமைப்பான டபிள்யூ3சி மட்டும் 5, 5.1, 5.2ன்னு கொஞ்ச நாள் ஓட்டிட்டு 2019ல வாட்விக்கோட ஒப்பந்தம் போட்டு அந்த வேலையை அவங்ககிட்டயே விட்டுடுச்சு.

நீங்க சொல்ற அந்த 'சுத்தமா ஆரம்பிக்கறது' இருக்கே, அதையும் பண்ணி பாத்தாச்சு. எக்ஸ்ஹெச்டிஎம்எல் 2ன்னு பேரு, 2002ல முதல் வரைவு வந்தது, பழைய பக்கங்களோட ஒத்துப்போகணும்னு கவலையே படல, எந்த பெரிய பிரவுசரும் சீண்டல, 2009ல கடைய சாத்திட்டாங்க. அதுக்கு முந்தின எக்ஸ்ஹெச்டிஎம்எல் 1.0ல நானே மாட்டியிருக்கேன். சுத்தமா எழுதறோம்ங்கற கெத்துல சர்வர்ல முறைப்படி எக்ஸ்எம்எல்லாவே (சின்ன தப்பையும் பொறுக்காத கண்டிப்பான வடிவம்) அனுப்ப செட் பண்ணிட்டேன், ஒருநாள் ஒரு லிங்க் நடுவுல ஒரே ஒரு & குறி, &ன்னு மாத்தாம, அப்படியே நின்னுபோச்சு, அவ்ளோதான், கட்டுரையே காணோம், ஃபயர்ஃபாக்ஸ்ல மஞ்ச பேக்ரவுண்டுல செவப்பு எழுத்துல எரர் மட்டும். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் கதை இன்னும் மோசம், அது அந்த பக்கத்தை தொறக்காம டவுன்லோட் பண்ணவான்னு கேட்டுச்சு! சாதா ஹெச்டிஎம்எல்னா தப்பை சகிச்சுக்கிட்டு காட்டிட்டு போயிருக்கும். நீங்க குப்பைன்னு சொல்றதுல பாதி அந்த சகிப்புத்தன்மைதான், அதை கழிச்சா இருபது முப்பது வருஷம் முன்னாடி யாரோ எழுதி விட்டுட்டுப்போன பக்கமெல்லாம் உடையும், திருத்த ஆள் எங்க இருக்கு?

சரி, நம்பர் இருந்தா புது டேக் சீக்கிரம் வருமான்னா அதுவும் இல்ல. பக்கத்து மேல சின்ன பெட்டி ஒண்ணு தொறக்கற டயலாக் டேக்கையே எடுத்துக்கங்க, குரோம்ல 2014லயே வந்துடுச்சு, ஃபயர்ஃபாக்ஸ்லயும் சஃபாரிலயும் 2022லதான். எட்டு வருஷம். தாமதம் பிரவுசர்காரங்க கையில இருக்கு, நடுவுல 6ன்னு ஒரு டாக்குமென்ட் போட்டிருந்தா அது பேப்பர்ல இருந்திருக்கும். இப்பவும் புதுசா ஒண்ணு சேக்கணும்னா குறைஞ்சது ரெண்டு பிரவுசர் எஞ்சின்காரங்க ஆர்வம் காட்டணும்னு வாட்விக் கேக்கறதே இதனாலதான்.

ஆனா ஒரு விஷயத்துல உங்க பக்கம் நியாயம் இருக்கு, சிலபஸ் போடறவனுக்கு எங்கயாவது ஒரு கோடு வேணும். அதுக்கு 2023லேர்ந்து பேஸ்லைன்னு ஒண்ணு இருக்கு, முக்கிய பிரவுசர் எல்லாத்துலயும் ஒரு வசதி வந்து 30 மாசம் ஆயிட்டா 'பரவலா கிடைக்குது'ன்னு முத்திரை குத்திடுவாங்க. கிளாஸுக்கு நான் அதைத்தான் பாப்பேன். பரீட்சைல லேட்டஸ்ட் வெர்ஷன் எதுன்னு கேட்டா மட்டும் பசங்கள 5ன்னே எழுத சொல்லுங்க, திருத்தறவர்கிட்ட போய் இந்த கதையெல்லாம் சொல்லிக்கிட்டிருக்க முடியாது.