சுகர் வந்துவிட்டது என்பதற்காகச் சோற்றை ஒதுக்க வேண்டுமா?

கடந்த இரண்டு மாதங்களில் இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, தங்களுக்கு நீரிழிவு இருப்பதை அண்மையில்தான் அறிந்துகொண்டவர்கள் எழுதியவை. அவற்றுள் நான்கை இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். முதல் கடிதத்துக்கான பதில் நீண்டுவிட்டது. பலருடைய ஐயங்களுக்கும் அதிலேயே விடை இருப்பதால் சுருக்க மனம் வரவில்லை.

கேள்வி: எனக்கு வயது 47. ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். பார்வை மங்கலாகத் தெரிகிறது என்று கண்ணாடி மாற்றப் போன இடத்தில், சர்க்கரை பார்த்துவிட்டு வரச் சொன்னார்கள். வெறும் வயிற்றில் 168, சாப்பிட்ட பிறகு 271, மூன்று மாதச் சராசரி 8.4 என்று வந்தது. மெட்ஃபார்மின் 500 மாத்திரையைக் காலையிலும் இரவிலும் எடுத்துக்கொள்கிறேன். அன்று முதல் சோற்றைத் தொடவில்லை. மூன்று வேளையும் சப்பாத்தி அல்லது ஓட்ஸ் கஞ்சிதான். ஐந்து வாரத்தில் நான்கு கிலோ குறைந்துவிட்டேன், உடம்பு தள்ளாடுகிறது. அண்ணன் கம்பு சாப்பிடச் சொல்கிறார், மதினி பழமே கூடாது என்கிறார், தெரிந்தவர் ஒருவர் சீனிக்குப் பதில் கருப்பட்டி போடலாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? எங்கிருந்து தொடங்குவது?
— ஒரு வாசகர், கோவில்பட்டி

பதில்: நோய் என்று தெரிந்த அன்றே வாயைக் கட்டும் உறுதி எல்லாருக்கும் வருவதில்லை; உங்களுக்கு வந்திருக்கிறது. ஆனால் அந்த வேகத்தில் நான்கைந்து மாதம் பட்டினி போல் இருந்துவிட்டு, பிறகு அலுத்துப்போய்ப் பழைய சாப்பாட்டுக்கே திரும்பியவர்களை நான் நிறையப் பார்த்திருப்பதால், பத்து ஆண்டுகள் கழித்தும் நீங்கள் விரும்பிச் சாப்பிடக்கூடிய ஒரு முறையை இப்போதே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும் என்பதில் எனக்கு மிகுந்த அக்கறை இருக்கிறது.

உங்கள் எண்களைப் பார்ப்போம். வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேலும், மூன்று மாதச் சராசரி என்று நாம் சொல்லும் எச்பிஏ1சி 6.5 அல்லது அதற்கு மேலும் இருந்தால் அது நீரிழிவு. இரண்டிலுமே நீங்கள் எல்லையைத் தாண்டியிருப்பதால் நோய் இருப்பதில் ஐயமில்லை. ரத்தத்தின் சிவப்பணுக்கள் ஏறத்தாழ 120 நாள் வாழ்கின்றன. அந்நாட்களில் ஹீமோகுளோபினில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்பதைத்தான் எச்பிஏ1சி காட்டுகிறது. ஆகவே பரிசோதனைக்கு முதல் நாள் மட்டும் பத்தியம் இருந்து அதை ஏமாற்ற முடியாது; ஒரு நாள் கல்யாண விருந்து சாப்பிட்டதால் அது கெட்டுப்போவதும் இல்லை. இரும்புச்சத்துக் குறைந்த ரத்தசோகை இருந்தால் மட்டும் இந்த எண் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பதால், நம் வீட்டுப் பெண்கள் ஹீமோகுளோபின் அளவையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வது நல்லது. உங்கள் வயதில், வேறு பெரிய நோய் எதுவும் இல்லாதபோது, எச்பிஏ1சியை 7-க்குக் கீழே கொண்டுவருவது பொதுவான இலக்கு.

சோற்றுக்கு வருகிறேன். ஒரு கப் சோற்றிலும் இரண்டு நடுத்தரச் சப்பாத்தியிலும் உள்ள மாவுச்சத்து கிட்டத்தட்ட ஒன்றுதான். சோற்றை விட்டுவிட்டு நான்கு சப்பாத்தி சாப்பிடுகிறவர், தாம் பத்தியம் இருப்பதாக நம்பிக்கொண்டே இரண்டு கப் சோற்றுக்குச் சமமான மாவுச்சத்தைச் சாப்பிடுகிறார். கம்பு, கேழ்வரகு, சாமை ஆகியவற்றில் நார்ச்சத்து கூடுதல் என்பது உண்மை. ஆனால் அவையும் தானியங்களே, அளவு அவற்றுக்கும் உண்டு. அதிலும் மாவாக்கிக் கரைத்துக் கஞ்சியாகக் குடித்தால் சர்க்கரை விரைவாக ஏறும். உங்கள் ஓட்ஸ் கஞ்சிக்கும் இது பொருந்தும். கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன் மூன்றும் ரத்தத்துக்குள் போன பிறகு சீனி செய்வதையே செய்கின்றன. பழத்தைப் பொறுத்தவரை மதினி சொல்வதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை: ஒரு சிறிய கொய்யாவைக் கடித்துத் தின்னலாம், சாறாகப் பிழிந்து மட்டும் குடிக்க வேண்டாம்.

தட்டில் பாதி இடத்தைக் காய்க்கும் கீரைக்கும் கொடுத்துவிடுங்கள். உருளைக்கிழங்கு அந்தப் பாதியில் சேராது. மீதியில் ஒரு பங்கு பருப்பு, பயறு, முட்டை, மீன் போன்றவை. கடைசிப் பங்கு சோறு. காயையும் பயறையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றைக் கடைசியில் தொட்டால், அதே உணவுக்குச் சர்க்கரை குறைவாக ஏறுவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. குழம்புக்கும் ரசத்துக்கும் மோருக்கும் தனித்தனியாக மூன்று முறை சோறு போட்டுக்கொள்ளும் நம் வழக்கத்தில்தான் அளவு கை மீறுகிறது. ஒரே முறை போட்டுக்கொண்டு, அதையே மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

யார் சொல்வதைக் கேட்பது என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் ரத்தம் சொல்வதைக் கேளுங்கள் என்பதே என் பதில். என்னிடம் வரும் ஒரு தையற்கார அம்மா, நாற்பது பக்க நோட்டு ஒன்றில் கோடு போட்டு, சாப்பாட்டுக்கு முன் ஒரு எண், முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு எண் என்று எழுதிக்கொண்டு வந்தார். நான்கு இட்லியும் தேங்காய்ச் சட்னியும் சாப்பிட்ட காலை: முன் 128, பின் 236. இரண்டு இட்லி, காய் நிறையப் போட்ட சாம்பார், ஒரு கிண்ணம் பச்சைப்பயறுச் சுண்டல் சாப்பிட்ட காலை: முன் 131, பின் 172. சுகருக்கு நல்லது என்று நம்பி அவர் தினமும் குடித்த கேழ்வரகுக் கஞ்சிக்கு வந்தது 224. அந்த எண்ணுக்கு அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார். நான் ஒரு மணி நேரம் பேசியிருந்தாலும் அந்த இரண்டு கோடு அளவுக்கு அவருக்குப் புரிய வைத்திருக்க முடியாது. வீட்டில் சர்க்கரை பார்க்கும் கருவியில் செருகும் ஸ்ட்ரிப்பின் விலை குறைவில்லை என்பதால் நாள் முழுவதும் குத்திக்கொள்ள வேண்டாம். வாரத்துக்கு இரண்டு சாப்பாட்டை மட்டும் இப்படி முன்னும் பின்னும் பாருங்கள். இரண்டு மாதத்தில் உங்கள் வீட்டுச் சமையல் முழுவதையும் கணக்கெடுத்துவிடலாம். கணக்கு எழுதும் உங்களுக்கு இது கடினமே இல்லை. சாப்பிடும் முன் 80-லிருந்து 130-க்குள்ளும், இரண்டு மணி நேரம் கழித்து 180-க்குக் கீழேயும் இருக்க வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த பிறகே குத்துங்கள். மாம்பழம் நறுக்கிய விரலில் எடுத்த துளி, இல்லாத சர்க்கரையைக் காட்டும்.

சாப்பிட்டு முடித்ததும் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால், உழைக்கும் தசைகள் ரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொள்கின்றன. நாள் முழுவதும் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு, காலையில் ஒரு மணி நேரம் நடப்பதோடு இந்தச் சிறு நடைகளும் சேர வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். நான்கு கிலோ குறைந்ததை உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். சரியாகச் சாப்பிடத் தொடங்கிய பிறகும் எடை இறங்கிக்கொண்டே போனால் வேறு காரணம் தேட வேண்டியிருக்கும். அடுத்து, கண்ணாடியை இப்போதே மாற்றிவிடாதீர்கள். சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணின் லென்ஸும் வடிவம் மாறுவதால், இன்று வாங்கும் கண்ணாடி சர்க்கரை கட்டுக்குள் வந்த பிறகு பொருந்தாமல் போகலாம். ஆனால் விழித்திரைப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 58. சுகர் மாத்திரை கிட்னியைக் கெடுத்துவிடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, மூன்று மாதம் சாப்பிட்ட மெட்ஃபார்மினை நிறுத்திவிட்டு ஆவாரம்பூக் கஷாயம் குடிக்கிறார். எப்படி எடுத்துச் சொல்வது?
— ஒரு வாசகர், திருவாரூர்

பதில்: அம்மாவின் பயத்தைக் கோபத்தால் போக்க முடியாது, தம்பி. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவருக்குச் சிறுநீரகம் பழுதாவதை ஊரில் அவர் கண்ணால் பார்த்திருப்பார். அங்கே சிறுநீரகத்தைக் கெடுத்தது ஆண்டுக்கணக்கில் அடங்காமல் இருந்த சர்க்கரையும், அதோடு சேர்ந்த ரத்தக்கொதிப்புமே. மெட்ஃபார்மின் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. ஆனால் சிறுநீரகம் ஏற்கெனவே வெகுவாகப் பழுதாகியிருந்தால் அந்த மருந்து உடலில் தேங்கிவிடும் என்பதால், அந்த நிலையில் மருத்துவர்கள் அதைக் குறைக்கிறார்கள் அல்லது நிறுத்துகிறார்கள். 'கிட்னி கெட்டதும் மாத்திரையை நிறுத்தினார்கள்' என்பது, வாய்வழியாகப் பரவும்போது 'மாத்திரையால் கிட்னி கெட்டது' என்று ஆகிவிட்டது.

மூலிகையில் அம்மாவுக்கு நம்பிக்கை இருப்பதால் இதையும் சொல்லுங்கள்: ஐரோப்பாவில் நெடுங்காலமாக மூலிகையாகப் பயன்பட்ட கலேகா என்ற செடியிலிருந்து கிடைத்த ஒரு பொருளை ஆராய்ந்ததன் வழியாக வந்ததே இந்த மருந்து. 1957-இல் பிரான்சில் ஜான் ஸ்டெர்ன் என்ற மருத்துவர் இதை நீரிழிவுக்குப் பயன்படுத்தியதை வெளியிட்டார். 1998-இல் வெளியான பிரிட்டனின் பெரிய நீரிழிவு ஆய்வில், உடல் பருமன் உள்ளவர்களுக்கு இது மாரடைப்பைக் குறைப்பது தெரியவந்தது. அதே ஆய்வில் பங்கேற்றவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது, தொடக்க ஆண்டுகளில் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்களுக்கு அதன் நன்மை பத்து ஆண்டுகள் கழித்தும் நீடித்தது. முதல் சில மாதங்களை வீணாக்க வேண்டாம் என்று நான் மன்றாடுவது அதனால்தான். இந்த மருந்தால் வயிற்றுப்போக்கோ வயிற்று உப்புசமோ வந்திருந்தால், அதற்கும் வழி உண்டு: சாப்பாட்டோடு எடுத்துக்கொள்வது, மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றுவது. பல ஆண்டுகள் சாப்பிடும்போது பி12 வைட்டமின் குறையலாம். அதை அவ்வப்போது பரிசோதித்தால் போதும்.

மாத்திரையே இல்லாமல் வாழ முடியுமா என்று அம்மா கேட்டால், சிலருக்கு முடியும் என்பதே நேர்மையான விடை. நோய் வந்து ஆறு ஆண்டுகளுக்கு உட்பட்டவர்களிடம் பிரிட்டனில் நடந்து 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், மருத்துவக் கண்காணிப்பில் எடையை வெகுவாகக் குறைத்தவர்களுள் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஓராண்டுக்குப் பின் மருந்தின்றியே சர்க்கரை நீரிழிவு எல்லைக்குக் கீழே இருந்தது. முதலில் எடை குறைந்து, எண்கள் இறங்கி, பிறகு மருத்துவர் நிறுத்த வேண்டும். மருந்து வாங்கப் போய்வருவது சிரமமாக இருந்ததும் ஒரு காரணம் என்றால், 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: மெட்ஃபார்மினுடன் கிளிமெபிரைடு மாத்திரையும் சாப்பிடுகிறேன். வெள்ளிக்கிழமை விரதத்தன்று பதினொரு மணிக்குக் கை நடுங்கி, வியர்த்து, கண் இருட்டிவிட்டது. விரதத்தை விட்டுவிட வேண்டுமா?
— ஒரு வாசகி, சென்னை

பதில்: உங்களுக்கு வந்தது தாழ்சர்க்கரை, அதாவது ரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைந்துபோவது என்றே தோன்றுகிறது. மெட்ஃபார்மின் தனியாக இதை உண்டாக்குவது அரிது. ஆனால் கிளிமெபிரைடு, நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். மீண்டும் அப்படி வந்தால், முடிந்தால் உடனே சோதியுங்கள். 70-க்குக் கீழே இருந்தாலோ, சோதிக்க வழியில்லாமல் போனாலோ, மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துப் பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். சாக்லேட்டும் பால்கோவாவும் உதவாது, அவற்றிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐ அழைக்க வேண்டும். இதை வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள்.

விரதத்தை விடச் சொல்ல மாட்டேன். ஆனால் அன்று கிளிமெபிரைடை என்ன செய்வது என்று அடுத்த வெள்ளிக்கிழமைக்கு முன்பே உங்கள் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். அதுவரை முழுப் பட்டினி வேண்டாம்.

கேள்வி: எனக்கு வயது 55. பௌர்ணமிதோறும் திருவண்ணாமலையில் வெறுங்காலுடன் கிரிவலம் போகிறேன். இரண்டு மாதத்துக்கு முன் சுகர் என்றார்கள். கண்ணிலும் காலிலும் எந்தத் தொந்தரவும் இல்லாதபோது எதற்குப் பரிசோதனை? கிரிவலத்தைத் தொடரலாமா?
— ஒரு வாசகர், வேலூர்

பதில்: இரண்டாம் வகை நீரிழிவு கண்டுபிடிக்கப்படுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே உடலுக்குள் ஓசையின்றித் தொடங்கியிருக்கும். அதனால்தான் கண்ணில் மருந்து விட்டு விழித்திரையைப் பார்ப்பதையும், சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்று பார்ப்பதையும், நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சியைச் சோதிப்பதையும் முதல் மாதத்திலேயே செய்யச் சொல்கிறோம். இவற்றில் எதுவும் வலிக்காது.

சித்திரை மாதத்தில் ஒரு பெரியவர், நண்பகல் வெயிலில் கோயில் பிரகாரத்தைச் சுற்றிவிட்டு வந்தார். வீட்டுத் தரையில் ஈரமாகப் பாதச்சுவடு பதிவதைப் பார்த்து அவர் மனைவிதான் கேட்டிருக்கிறார். உள்ளங்கால் இரண்டும் கொப்புளித்து உடைந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. சர்க்கரையால் பாத நரம்புகள் மரத்துப்போயிருந்ததால் அவருக்குச் சூடும் தெரியவில்லை, வலியும் தெரியவில்லை. அந்தப் புண் ஆற நான்கு மாதம் ஆயிற்று.

உங்கள் பாதத்தில் உணர்ச்சியும் ரத்த ஓட்டமும் நன்றாக இருப்பதாக மருத்துவர் உறுதி செய்தால், வெயில் தாழ்ந்து சாலை குளிர்ந்த பிறகு கிரிவலம் தொடங்கலாம். உணர்ச்சி குறைந்திருந்தால் 14 கிலோமீட்டரை வெறுங்காலுடன் நடப்பதை நான் அனுமதிக்க முடியாது. இரண்டில் எதுவானாலும், வீடு திரும்பியதும் காலைக் கழுவி, விரலிடுக்குகளை ஈரமில்லாமல் துடைத்து, உள்ளங்காலைக் கண்ணாடியில் பாருங்கள், அல்லது வீட்டில் ஒருவரை வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லுங்கள். சிறு கீறல் இருந்தாலும் மறுநாளே காட்டிவிடுங்கள்.